அக்டோபர் முப்பது, ஆறிலிருந்து எட்டுவரை

லோரன் டெக்கருக்குக் கால் தரையில் பாவியதே கிடையாது. சர்ச்சில் பிரசங்கம் முடிவதற்குள் மூன்று முறை தண்ணீர் குடிக்க எழுந்து போவான். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பான். தச்சுவேலை, லாரி ஓட்டுவது, பன்றிப்பண்ணை, கூரை போடுவது என்று நாலு தொழில் பார்த்து, நாலிலும் சலித்து, கடைசியில் வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுதுபார்க்கிற வேலையில்தான் ஒட்டினான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வீடு மாறலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வயது நாற்பத்தொன்று. மார்னியும் அவனும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயது ஹேட்டியும் நாலு வயது ஆர்லோவும் அம்மாவோடு இருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு அப்பாவிடம் வருவார்கள். அந்த இரண்டு நாளுக்குள் ஒரு மாதத்தையே திணித்துவிடப் பார்ப்பான் லோரன்.

அந்த அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஆப்பிள் தோட்டம். பிள்ளைகள் ஆளுக்கு நாலு ஆப்பிள் பறிப்பதற்குள், "போதும் வாங்க, சோளக்காட்டுல கூட்டம் சேர்ந்துடும்," என்று வண்டியில் ஏற்றிவிட்டான். ஆப்பிள் சாறு ஊற்றிச் சுட்ட டோனட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனதில் இருக்கையெல்லாம் சர்க்கரை. சோளக்காட்டில் வழி தெரியாமல் சுற்றவேண்டும் என்பதுதான் விளையாட்டே. இவனோ பதினெட்டு நிமிடத்தில் வெளிவாசலைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டான். பிள்ளைகள் உள்ளே ஒரு முட்டுச்சந்தில் தரையில் உட்கார்ந்து சோளச் சோகையை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்ன பண்றீங்க? வழி இந்தப் பக்கம்."

"எங்களுக்கு வழி வேணாம்," என்றாள் ஹேட்டி. "இங்க நல்லாயிருக்கு."

"பூசணிக்காய் தோட்டம் நாலு மணிக்கு மூடிடுவாங்கடா கண்ணு."

"அப்பா, நாம எப்பத்தான் சும்மா இருப்போம்?"

அவன் சிரித்துக்கொண்டே ஆர்லோவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பூசணித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆர்லோ தூங்கிவிட்டிருந்தான். தூங்குகிற பிள்ளையின் கையை ஒரு பூசணிமேல் வைத்து, "இதுதான் உன்னோடது," என்று தேர்ந்தெடுத்தும் கொடுத்தான் அந்த மனிதன். இவனை என்ன சொல்வது?

திரும்பி வரும்போது பின்சீட்டில் ஹேட்டி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஜோக் ஒத்திகை. எங்கள் டிமாயின் நகரத்தில் ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும்போது வெறுமனே பையை நீட்டினால் நடக்காது. "ஜோக் இருக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய்.

"எனக்கு மட்டும் சொல்லேன்," என்றான் லோரன்.

"கதவுலதான் சொல்லணும். இப்ப சொன்னா கெட்டுப்போயிடும்."

"சரி. திங்கக்கிழமை உன் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கறேன். இந்த வருஷம் அப்பா முறை."

அவன் அப்படித்தான் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் ஒரு மாதத்துக்கு முன்பே முதலாளியிடம் சொல்லி, திங்கள் மாலை விடுமுறை என்று எழுதி வாங்கியிருந்தான். முதல் குளிர் வந்து ஊரில் பாதி ஃபர்னஸ் படுத்துவிடுகிற வாரத்தில் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு திட்டு வாங்கியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளை விடப்போனபோது, மார்னி வாசலிலேயே நின்றாள். பிள்ளைகள் உள்ளே ஓடிப்போனதும், "நாளைக்கு அஞ்சரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

"நாளைக்கு என்னோட நாள், லோரன்."

"ஒத்தப்படை வருஷம். ஹாலோவீன் எனக்கு."

"வக்கீல் எழுதின பேப்பர்ல என்ன இருக்குன்னு படிச்சியா?"

அவன் படிக்கவில்லை. வக்கீல் மேஜையருகே நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டியை எடுக்கக் கிளம்பியவன் அவன். மார்னி உள்ளே போய் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒற்றைப்படை வருடங்களில் ஹாலோவீன், அக்டோபர் முப்பத்தொன்று, தந்தைக்கு.

விஷயம் இதுதான். நாடு முழுக்கப் பிள்ளைகள் கதவு தட்டுவது முப்பத்தொன்றாம் தேதி. எங்கள் ஊரில் மட்டும் முப்பதாம் தேதி, மாலை ஆறிலிருந்து எட்டுவரை. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பிச்சைக்கார ராத்திரி. மறுநாள் ஹாலோவீனன்று இங்கே, வந்து தட்டலாம் என்பதற்கு அடையாளமான வெளிவிளக்கு ஒன்றும் எரியாது. மிச்ச மிட்டாயைத் தின்றுவிட்டு வயிற்றுவலி என்று படுத்திருப்போம். ஆனால் பேச்சுவாக்கில் இந்த அமர்க்களம் முழுவதையும் ஹாலோவீன் என்றுதான் சொல்வோம். அன்று வக்கீலிடமும் இருவரும் அப்படியே சொன்னார்கள். வக்கீல் வெளியூர்க்காரர். கேலண்டரைப் பார்த்து முப்பத்தொன்று என்று எழுதினார். லோரனுக்குக் கிடைத்தது, ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை.

"இது எழுத்துப்பிழை, மார்னி. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப விட்டுக்குடு."

"போன வருஷம் என்னோட முறை. இருந்தாலும் உன்னைக் கூட வரச் சொன்னேன். பிள்ளைங்க ரெண்டு பேரும் வேஷத்தைப் போட்டுக்கிட்டு ஜன்னல்லயே நின்னாங்க. நீ எத்தனை மணிக்கு வந்த?"

போன வருடம் அவன் எட்டுக்கு வந்தான். தெருவில் விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன.

"நான் பழிவாங்கல," என்றாள் மார்னி. குரல் தணிந்திருந்தது. "உன்னை நம்பி அவங்களை நிறுத்திவைக்க எனக்கு தைரியம் இல்ல, அவ்வளவுதான். ஒண்ணு செய். நாளைக்கு ஆறுலேருந்து எட்டுவரைக்கும் வெளிவிளக்கைப் போட்டுக்கிட்டு உன் வீட்ல இரு. உன் கதவையும் தட்டக் கூட்டிட்டு வர்றேன்."

"எத்தனை மணிக்கு?"

"அது எனக்கே தெரியாது. ஆர்லோ கால் எவ்வளவு வேகமா நடக்குதோ அதைப் பொறுத்தது. நீ சும்மா இரு. உன்னால முடியுமா?"

"என்ன கேள்வி இது," என்றான் லோரன். "இருப்பேன்."

திங்கட்கிழமை நாலு மணிக்கே மிட்டாய்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டான். துக்கடா மிட்டாய் இல்லை, முழுசு முழுசான சாக்லேட். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே விளக்கைப் போட்டான். முதலில் ஒரு கடற்கொள்ளைக்காரன் வந்தான். பிறகு தேனீக்கள் மூன்று. ஒரு பையன் கோழி பற்றி ஏதோ சொன்னான். லோரன் அவன் தலைக்கு மேலே தெருமுனையைப் பார்த்துக்கொண்டே, "பலே, பலே," என்று கிண்ணத்தை நீட்டினான்.

"நான் இன்னும் முடிக்கல, அங்கிள்," என்றான் பையன்.

ஆறரை ஆயிற்று. ஆறேமுக்கால். வரவில்லை. கதவைச் சாத்தினால் திறக்கத் தோன்றியது. திறந்தால் படியிறங்கத் தோன்றியது. குளிர் அதிகமாகிவிட்டதே, ஆர்லோவுக்குச் சளி பிடித்திருந்ததே, பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார்களோ? மார்னிக்கு மூன்று முறை போன் செய்தான். எடுக்கவில்லை. ஒருவேளை அவள் மனசு மாறியிருந்தால்? தூரத்தில் நின்றாவது அவர்கள் கதவு தட்டுவதைப் பார்த்துவிடலாம், ஒரு ஜோக்காவது காதில் விழும் என்று தோன்றியது. பத்தே நிமிடம், ஒரே ஒரு சுற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏழு மணிக்குக் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

தெருவெல்லாம் பிள்ளைகள். வண்டி நடையைவிட மெதுவாகத்தான் போயிற்று. ஒவ்வொரு குட்டித் தலையையும் குனிந்து குனிந்து பார்த்தான். ஹேட்டிக்கு ரக்கூன் பிராணி வேஷம், கண்ணைச் சுற்றிக் கறுப்பும் வரிவரியான வாலும் இருக்கும் என்று தெரியும். ஆர்லோ என்ன வேஷம் என்று யாரும் சொல்லவில்லை. ரக்கூன்கள் ஐந்தாறைப் பார்த்தான், அவனுடையது இல்லை. மார்னியின் வீடு இருட்டாக இருந்தது. அங்கே நாலு நிமிடம் நின்றான், திருடனைப்போல. எதிரே ஒரு அப்பா பிள்ளையைக் கையில் பிடித்தபடி அவனையே முறைத்துப் பார்த்தார். திரும்பும் வழியிலும் அதே கூட்டம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்கு வரும்போது எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பக்கத்து வாசலில் ஓபல் சிகரெட்டோடு நின்றிருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரே கூரையின் மறுபாதியில் இருக்கிறாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றாள்.

அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. "வந்தாங்களா?"

"ஏழே காலுக்கு. நீ கிளம்பி கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். கதவைத் தட்டு தட்டுனு தட்டினாங்க. சின்னவன் கதவுல காதை வச்சுக் கேட்டான், உள்ள நடமாட்டம் இருக்கான்னு."

"அவன் என்ன வேஷம்?"

ஓபல் புகையை வேறு பக்கம் ஊதினாள். "நீதான். தலையில தொப்பி, பேரு எழுதின சட்டை, அட்டைப்பெட்டியில செஞ்ச டூல்பாக்ஸ். 'ஃபர்னஸ் எங்க இருக்கு'ன்னு என்கிட்ட கேட்டான்."

லோரன் படியில் உட்கார்ந்தான். கிண்ணம் காலியாக இருந்தது.

"ஹேட்டி?"

"கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் என் கதவைத் தட்டி ஜோக்கை எனக்குச் சொல்லிட்டுப் போயிட்டா. நல்ல ஜோக்கு. ஆனா உன்கிட்ட சொல்ல மாட்டேன், கேக்காத."

அவன் கேட்கவில்லை. எட்டு மணிக்குத் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவன் விளக்கு மட்டும் ஒன்பதுவரை எரிந்தது. யாரும் வரவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் ஹாலோவீன், சட்டப்படி அவனுடைய நாள். பள்ளிக்கூடத்திலிருந்து இருவரையும் கூட்டிவந்தான். வேஷத்தை மார்னி ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தாள். ஆர்லோ வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். ஹேட்டி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் லோரன், கையில் சாவியோடேயே, "நாப்பது மைல்ல ஒரு ஊர் இருக்கு," என்று ஆரம்பித்தான். "அங்க இன்னிக்குத்தான் கதவு தட்டுவாங்க. இப்பவே கிளம்பினா ஆறுக்குப் போயிடலாம்."

"வேணாம்," என்றாள் ஹேட்டி.

"அங்க பெரிய பெரிய வீடுங்க."

"நாங்க தட்டினோம். நீ இல்ல."

"உங்களைத் தேடித்தாண்டா போனேன்."

"எங்களை எதுக்குத் தேடணும்? நாங்கதான் வர்றோம்னு சொன்னோமே."

"தப்புதான்," என்றான். "என் தப்பு." வாழ்க்கையில் அதிகம் சொல்லிப் பழகாத வார்த்தை அது.

ஹேட்டி வேஷப் பையைத் திறந்தாள். பிறகு ரக்கூன் வாலைக் கட்டிக்கொண்டாள். ஆர்லோவுக்குத் தொப்பியை வைத்துவிட்டாள். அப்பாவின் கையிலிருந்த சாவியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "நீ உள்ள நில்லு," என்று சொல்லிவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. லோரன் திறந்தான்.

"மிட்டாய் குடுங்க," என்றான் ஆர்லோ, டூல்பாக்ஸைத் திறந்து நீட்டி.

"ஜோக் இருக்கா?" என்றான் லோரன்.

ஹேட்டி நிமிர்ந்து நின்றாள். "ஒரு அப்பா பிள்ளைங்களைத் தேடி ஊரெல்லாம் சுத்தினாரு. ஏன் கிடைக்கல?"

"தெரியலையே. ஏன்?"

"ஏன்னா அவங்க அவர் வீட்டு வாசல்ல நின்னாங்க."

ஆர்லோ தொப்பி கீழே விழுமளவுக்குச் சிரித்தான். லோரனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுதான் நேத்து வச்சிருந்த ஜோக்கா?"

"இல்ல. அதை ஓபலுக்குக் குடுத்துட்டேன். இது இப்ப கதவுக்கு வெளிய நின்னு யோசிச்சது." பையை ஆட்டினாள். "சிரிக்கலைன்னாலும் மிட்டாய் குடுக்கணும், அப்பா. அதான் ரூல்."

அலமாரியிலிருந்து தேடி எடுத்து ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தான். அதுதான் இருந்தது.

"இன்னொரு தடவை தட்டட்டுமா?" என்றான் ஆர்லோ.

"எத்தனை தடவை வேணாலும் தட்டு."

"நீ உள்ளயே இருப்பியா?" என்று கேட்டாள் ஹேட்டி.

"இருப்பேன்."

"முந்தாநேத்தும் அப்படித்தான் அம்மாகிட்ட சொன்ன."

கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். லோரன் கைப்பிடியில் கை வைக்காமல் நின்றான். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது; யார் வீட்டிலோ ஃபர்னஸ் நின்றிருக்கும். குளிரட்டும் என்று விட்டுவிட்டான். உள்ளங்கால் குறுகுறுத்தது. எட்டிப்பார்க்கலாமா என்று ஜன்னலைப் பார்த்தான், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே ஆர்லோ, "இப்ப தட்டலாமா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"இரு," என்றாள் ஹேட்டி. "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."