தட்டை மறிக்கும் கை

செயின்ட்-மிஷேலில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் ஒரு சீனப் பெண் இருந்தாள். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வேலை முடியும் நேரம் பார்த்து சூப்பர்வைசர் இன்னொரு கட்டுத் துணியை அவள் மேசையில் போடுவான். அவளும் "ஓகே, ஓகே" என்று சிரித்துக்கொண்டு தைப்பாள். அவளுடைய மகளை விட்டிருந்த கார்டெறி என்ற பிள்ளைக் காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிடும். இன்னொரு முறை பிந்தி வந்தால் பிள்ளைக்கு இடமில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாவிட்டால் அவள் வேலைக்கும் வர முடியாது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் சாப்பாட்டு நேரம் கேட்டே விட்டேன். "வாயைத் திறந்து 'இனஃப்' எண்டு சொன்னா என்ன?"

அவள் கைக்குள் அடங்கும் அகராதி மெஷினை எடுத்து அமத்தினாள். 'இனஃப்' என்ற சொல்லுக்குச் சீன எழுத்தில் அர்த்தங்கள் வரிசையாக வந்தன; காசு போதும், வயது போதாது, இவ்வளவு நல்லாயிருந்தால் போதும் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். "அர்த்தம் எல்லாம் தெரியும். சொன்னா ஆர் கேக்கிறது? எங்கட வீட்டில விருந்தாளி போதும் எண்டா, அது மரியாதைக்கு. நாங்கள் இன்னும் போடுவம்." இதை அவள் அரைகுறை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு நினைவிருப்பது என் பேச்சில்.

அட, இது எங்கள் வீட்டுக் கதையல்லவா! எங்கள் சனத்திடம் போதும் என்று சொல்லித் தப்பியவர் உண்டா? குனிந்து இரண்டு கையாலும் தட்டை மறிக்க வேண்டும். மறித்தாலும் ஓரத்தால் ஒரு அகப்பை விழும். அதையே அவளுக்குப் பழக்கினேன். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிட்டை அகப்பையால் அள்ளிக்கொண்டு போக, அவள் தட்டை மறித்து "இனஃப்" என்பாள். "சிரிச்சா போடுவன்" என்று சொல்லிப் போட்டேன். சிரிக்காதபோதும் போட்டேன். பாவம், அன்று பின்னேரம் முழுக்க அவளுக்கு வயிறு முட்டி ஏவறை.

அன்றும் வேலை முடியும் நேரம் சூப்பர்வைசர் கட்டோடு வந்தான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் மேசையில் விரித்தாள்.

"இனஃப்."

"அப்படியென்றால் நாளைக்கு வராதே" என்றான். கட்டை என் பக்கம் திருப்பினான். நானும் என் மேசையை மறித்தேன். "எனக்கும் இனஃப்." போனால் போகட்டும், கை இருக்கிறது, வேறு இடத்தில் தைப்போம் என்றுதான் நினைத்தேன். கட்டை வைக்க இடமில்லாமல் அவன் நிற்க, நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். ஆறு மணிக்கு முன்பே பிள்ளையின் கை அவள் கையில் இருந்தது.

மறுநாள் இருவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். அவன் பார்த்துவிட்டு, அன்றைய துணியை இருவர் மேசையிலும் வைத்துவிட்டுப் போனான். மத்தியானம் வழக்கம்போல நான் பிட்டை அள்ளிக்கொண்டு போனேன். அவள் தட்டின் மேல் கையை வைத்தாள்.

"இனஃப்."

ஒருவர் போதும் என்று சொல்லி நான் அகப்பையைத் திருப்பிக்கொண்டு வந்தது என் வாழ்நாளில் அன்றுதான்.