ட்யூப் மேய்த்த நாய்

கைப்பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்தபோது டயர்க்காரம்மாவுக்கு வயது இருபத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. "பொம்பளை மாட்டுன டயர் எவ்வளவு தூரம் ஓடும்?" என்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு அந்த டயரில்தான் ஊர் ஊராகச் சுற்றினார்கள். இன்று அறுபத்தெட்டு வயதில் சொந்தக் கடை, இரண்டு கம்ப்ரஸர், நான்கு லாரி நிற்கும் சிமெண்ட் முற்றம். எவன் தயவிலும் வந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், "உனக்கு நாய் வளர்க்கத் தெரியாது" என்றால் விடுவாரா?

சொன்னது பெற்ற மகன்.

நாயின் பெயர் வால்வு. கறுப்பும் வெள்ளையுமாக, ஆடு மேய்க்கும் இனம். வெளிநாடு போன வாடிக்கையாளர் விட்டுப்போனது. வந்த நாளிலிருந்து அதற்கு ஒரே வேலை, கடைக்கு வருகிறவர்களின் குதிகாலைக் கவ்வுவது. ஒரு லாரி டிரைவரின் காலில் பல் பதிந்த அன்று, நாய் பழக்கும் மாஸ்டரை மகன் கூட்டிவந்தான். சர்டிபிகேட் மாட்டவே தனிச் சுவர் வைத்திருப்பவர்.

"குணமே கெட்டுப்போச்சும்மா. கட்டிப் போடுங்க. அடங்கலேன்னா மாசக் கடைசியில நானே வந்து கொண்டு போயிடறேன்."

"நாள் பூரா கட்டிப் போட்டா நானும்தான் கடிப்பேன்," என்றார் டயர்க்காரம்மா.

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "மாசக் கடைசிம்மா. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, சங்கிலியை அவிழ்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நாள் அதையே பார்த்தார். யார் கைப்பக்கமும் அது போகவில்லை. ஆட்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள் பத்தே நிமிடத்தில், ஏன் வந்தோம் என்றே தெரியாமல், கம்ப்ரஸர் மூலையில் கூட்டமாக நின்றார்கள்.

"டேய், இது கடிக்கலடா, மேய்க்குது!"

உடனே பழைய டயர்களை உருட்டிவிட்டார். தெரிந்த தொழில் அதுதானே. வால்வு பாய்ந்து பாய்ந்து விரட்டியது. நான்காம் நாள் தெருவில் போன ஸ்கூட்டர் சக்கரத்தையும் விரட்டியது.

"குதிகால் போதாதுன்னு இப்ப சக்கரமா? நல்லா பழக்குனேம்மா!" என்றான் மகன்.

டயர்க்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஓடுவதைத் துரத்தச் சொல்லிக் கொடுத்தது தானேதான். மேய்ப்பது என்றால் துரத்துவதா? ஒன்று சேர்ப்பதல்லவா?

மறுநாள் எட்டு கார் ட்யூப்களில் காற்றடித்து முற்றம் முழுக்கப் படுக்கப் போட்டார். தானாக ஓடாது, மூக்கால் தள்ளினால்தான் நகரும். எட்டையும் மூலையில் சேர்க்க வேண்டும். நடுவே "படு" என்றால் படுக்க வேண்டும். படுத்தால் பிஸ்கட் கிடையாது. "போ" என்ற சொல்தான் கூலி. வேலைக்குத் தவிக்கிற ஜீவனுக்கு வேலையைவிடத் தித்திப்பு எது? அது டயர்க்காரம்மாவுக்கா தெரியாது?

காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, அப்போது மட்டும் வாய்க்கூடு கிடையாது. முதல் வாரம் பல் பட்டு ஐந்து ட்யூப் பஞ்சர். ஒட்டத் தெரியாதவரா? ஒட்டி ஒட்டிப் போட்டார். மூன்றாம் வாரம் ஒரு பஞ்சர்கூட இல்லை. குதிகால்கள் பக்கம் நாய் போவதே இல்லை. வாய்க்கூடு ஆணியில் தொங்கியது.

மாசக் கடைசியில் மாஸ்டர் கூண்டு வைத்த வேனில் வந்து இறங்கினார். மகனும் முற்றத்துக்கு வந்தான். வால்வு மாஸ்டரின் குதிகாலைப் பார்த்துப் பாயப் பதுங்கியது.

"படு!"

படுத்தது.

"மாஸ்டர், இப்ப கொஞ்சம் ஓடுங்க பாக்கலாம்."

"விளையாடறீங்களாம்மா?"

"சர்டிபிகேட் வாங்குன கால்தானே, ஓடுங்க!"

ரோஷத்தில் மாஸ்டர் ஓடினார். நாயின் உடம்பு நடுங்கியது. ஆனால் கண் அவர் காலில் இல்லை, டயர்க்காரம்மாவின் வாயில் இருந்தது.

"போ!"

வால்வு மாஸ்டரைத் தாண்டிப் பாய்ந்து, முற்றத்தில் சிதறிக் கிடந்த எட்டு ட்யூபையும் மூலையில் கொண்டு சேர்த்துவிட்டு மறுபடி படுத்தது.

"அது இங்கேயே இருக்கட்டும் மாஸ்டர்," என்றான் மகன், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

டயர்க்காரம்மா வேனைச் சுற்றி வந்து பின்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "காத்தே இல்ல. இருங்க, அடிச்சு விடறேன். வெறுங்கூண்டோட போறவருக்கு வழியில பஞ்சர் வேற ஆகணுமா?"