இடது பக்கம் இழுக்கும் ஸ்டியரிங்

நான் கால்நடை மருத்துவர். தஞ்சாவூரைச் சுற்றி எந்தக் கிராமத்தில் மாடு கன்று ஈனத் திணறினாலும், டிரைவர் வைத்துக்கொள்ளாமல் நானே காரை ஓட்டிக்கொண்டு போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு புரட்டாசிக் காலையில், வடவாற்றங்கரை வளைவில், அந்தக் கார் இடது பக்கம் இறங்கி ஆற்றுச் சரிவில் உருண்டது. இடுப்புக்குக் கீழே எனக்கு எல்லாம் அன்றோடு சரி. ஆஸ்பத்திரியில் கண் விழித்து நான் சொன்ன முதல் வார்த்தை, "ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்துச்சு" என்பதுதான்.

ஸ்டியரிங்கில் வேலை செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செய்தவர் எங்கள் கடைத்தெருவில் பதினைந்து வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். நான் கேஸ் கீஸ் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காததே என் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன். டாக்டரம்மா சொன்னால் ஊர் நம்பாதா? ஆறு மாதத்தில் அவர் கடைக்கு வண்டி வருவது நின்றுபோனது. ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டு வாசலிலேயே இரும்புக் கேட்டும் கிரில்லும் அடிக்க ஆரம்பித்தார். நியாயம்தானே என்று இருந்தேன். கால் போனது எனக்கு.

கையாலேயே ஓட்டுகிற மாதிரி காரை மாற்றித் தருகிறார்கள் என்று என் கணவர்தான் ஒரு நாள் பேச்செடுத்தார். அவர் கல்லூரியில் கணக்கு சொல்லித்தருபவர், கரிசல்காட்டு ஊர்க்காரர். எனக்கு ஓட்ட ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்னதும் பயந்துவிட்டேன். என் கை மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. மறுபடி ஒரு வண்டி என்னை இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதுதான் பயம். "சரி, முதல்ல கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாரு. ரேஸ் கேமுக்குன்னே ஸ்டியரிங் விக்கிறான்" என்றார்.

அந்த ஸ்டியரிங்கைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பெண் பார்க்கிறவர்கள்கூட அத்தனை குறை கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ளதுதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அதாவது உள்ளே ஒரு மோட்டார் இருக்கும். திரையில் கார் கல்லில் ஏறினால் கை அதிரும், வளைவில் திருப்பினால் சக்கரம் எதிர்த்து நிற்கும். இடுப்புக்குக் கீழே சாலையை உணர எனக்கு வழியில்லை. உணர்ந்தால் கையால்தான். சும்மா சுற்றுகிற பிளாஸ்டிக் வட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன, அப்பளம் இடுவதா?

திருச்சியில் ஒரு கடையில் பெரிய மோட்டார் வைத்ததை ஓட்டிக் காட்டினார்கள். பிடித்த மாத்திரத்தில் அது உதறிய உதறலில் நான் சக்கர நாற்காலியிலேயே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். எனக்கு வயிற்றுத் தசை உடம்பைத் தாங்கிப் பிடிக்காது. கடைக்காரத் தம்பி பதறிப்போய், "மேடம், உங்களுக்கு சின்னது போதும்" என்றது. பல்சக்கரம் வைத்த சின்னது ஒன்றைக் கொடுத்தது. அது மாவு மில் மாதிரி கடகடத்தது. கடைசியில் பெல்ட் வைத்த நடுத்தரமான ஒன்று கைக்கு இதமாக இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் விரலால் அழுத்தும் இரண்டு தகடுகளும் அதில் இருந்தன. வலது தகட்டில் ஆக்ஸிலேட்டர் வைத்துக்கொள்ளலாம். பிரேக்குக்கு மட்டும் இடது கையால் தள்ளும் ஒரு லீவர் வேண்டும் என்றேன். நிஜக் காரில் அப்படித்தான் வைப்பார்கள் என்று படித்திருந்தேன்.

அந்த லீவரை விலைக்கு வாங்க எங்கும் கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கோடு வந்த பெடல் பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்து, பிரேக் பெடலோடு ஒரு கம்பியைப் பூட்டிச் செய்யவேண்டிய வேலை. என் கணவர் இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "வண்டியும் தெரிஞ்சு வெல்டிங்கும் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல ஒருத்தர்தான் இருக்கார்."

யார் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் வந்தார். முடி நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், மேசையை அளந்து, என் கை எட்டும் தூரத்தை நூல் பிடித்து, மறுநாள் லீவரைக் கொண்டுவந்து முடுக்கினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பிசிறில்லாமல் போனது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டே குனிந்த தலை நிமிராமல் கேட்டார், "ஸ்டியரிங் நேரா நிக்கிதுங்களா?"

"நிக்கிது" என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டுப் போனார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அந்தச் சாமான் முதல் நாளே பிடிக்கவில்லை. புது வண்டி என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். இதற்கு டயர் எங்கே இருக்கிறது? அவர் பழத்தை மேசைக்கு அடியில் வைத்து, சக்கரத்தின் நடுவில் சந்தனப் பொட்டும் இட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு முற்பகலில் கரண்ட் போய் வந்தது. நான் கூடத்தில் இருந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள சார் ஓட்டுறாங்களா?"

"சார் காலேஜுக்குப் போய் ரெண்டு மணி நேரமாச்சே."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆளில்லாத அறையில் சக்கரம் முழுக்க இடது பக்கம் சுற்றியது. பிறகு முழுக்க வலது பக்கம். பிறகு நடுவுக்கு வந்து, சந்தனப் பொட்டு நேராக, அசையாமல் நின்றது. கரண்ட் வந்ததும் தன் அளவை அது தானே பார்த்துக்கொள்ளும் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். தெரிந்திருந்தும் எனக்கு முதுகில் உணர்வு உள்ள இடம்வரை சில்லிட்டது. அன்றிலிருந்து அக்கா அந்த அறையைப் பெருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கேமில் நான் எடுத்துக்கொண்டது ஏதோ குளிர்நாட்டு மலைப்பாதை. வலது பக்கம் மரங்கள், இடது பக்கம் சரிவு, கீழே ஓடை. நன்றாகவே ஓட்டினேன், பெருமையாகத்தான் சொல்கிறேன். ஏழாவது வளைவு வரைக்கும். அங்கே கார் இடது பக்கம் இறங்கி ஓடையில் விழுந்தது. திரும்ப ஓட்டினேன், திரும்ப அங்கேயே விழுந்தது. நாலு நாள் முப்பது தடவையாவது ஓட்டியிருப்பேன். ஆறு வளைவில் பூனைக்குட்டி மாதிரி இருக்கும் சக்கரம் ஏழாவதில் இடது பக்கம் இழுத்தது. கைக்குத் தெரிந்த இழுப்பு அது. அன்றைக்கு இழுத்த அதே இழுப்பு. அந்த மனுஷன் தொட்ட ஸ்டியரிங்கெல்லாம் ஏன் இடது பக்கம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இது இழுக்குது" என்று கணவரிடம் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்து ஓட்டினார். ஏழாவது வளைவில் இறங்காமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி போனார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும், முகம் மாறிவிட்டது. நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் மட்டும் அறையில் இருந்தேன். அந்தக் கேமில் ஓட்டியதைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். காருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி போட்டேன். ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. கையுறை போட்ட கைகள். அவற்றுக்கு மேலே முகம் இல்லை, கீழே கால் இல்லை. திரை ஓரத்தில் இரண்டு பட்டைகள் ஓடின. ஒன்று ஓட்டுபவர் கை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று காட்டும். இன்னொன்று மோட்டார் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டும்.

ஏழாவது வளைவு வந்தது. மோட்டாரின் பட்டை வலது பக்கம் நீண்டது. வண்டியை நேராக்கத்தான் அது பாடுபட்டுக்கொண்டிருந்தது. அதை மீறி, ஆளில்லாத அந்தக் கைகள் நிதானமாக இடது பக்கம் ஒடித்தன. கார் இறங்கியது. நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை.

படத்தை அங்கேயே நிறுத்தினேன். அப்போதுதான் சாலையைப் பார்த்தேன். அந்த வளைவில் வலது பாதி முழுக்க மஞ்சள் இலை உதிர்ந்து கிடந்தது. ஓரம் கட்டி, பரப்பி வைத்த மாதிரி, வெயிலில் பொன்னிறமாகக் கிடந்தது.

நெல்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு. ஈரநெல்லைக் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லா ரோட்டிலும் பாதியை அடைத்துக் காயப்போட்டிருப்பார்கள். உளுந்துச் செடி என்றால் வண்டி ஏறட்டும் என்றே போடுவார்கள், ஏறினால் மணி உதிரும். நெல் மேல் மட்டும் எவரும் ஏற்ற மாட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் களத்தில் நெல் தூற்றியவர்கள். சின்ன வயதில் ஒரு மணியை மிதித்தாலும் அம்மாவிடம் முதுகில் வாங்குவேன். அந்த மாதம் நெல்லுக்காக ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒடித்திருப்பேன். மூச்சு விட்டதை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா? நான் உருண்ட கொஞ்ச நேரத்தில், போலீஸ் வரும் என்று பயந்து நெல்லுக்காரர்கள் வாரிக்கொண்டு போயிருப்பார்கள். ரோடு துடைத்த மாதிரி இருந்திருக்கும்.

ஸ்டியரிங் இழுக்கவில்லை. என் கை திருப்பியது, என்னைக் கேட்காமலே. ஐந்து வருடமாக நான் ஊரெல்லாம் சொன்னது பொய்.

அழுதேன். பிறகு லீவர் ஆடுகிறது என்று ஒரு சின்னப் பொய் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்து ஆடாத லீவரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய பின்னந்தலையைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னைக்கு ஸ்டியரிங் இழுக்கலங்க. ரோட்டுல நெல்லு கெடந்திருக்கு. நான்தான் ஒடிச்சிருக்கேன்."

அவர் லீவரை ஆட்டுவதை நிறுத்தினார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

"உங்க கார போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தியிருந்தப்ப போயி, நான் மாட்டினத மட்டும் நாலு தடவ கழட்டிப் பாத்தேங்க" என்றார். "போட்டது போட்டபடி இருந்துச்சு. ஆனா நீங்க படிச்சவங்க, சாகக் கெடந்து எழுந்தவங்க, பொய்யா சொல்லுவீங்க? அதனால என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துருச்சு. ஊர்ல வண்டி வரலன்னு நெனைக்கிறாங்க. வந்துச்சுங்க, ரெண்டு மூணு. நான்தான் தொடல."

"மன்னிச்சுக்குங்க" என்றேன். அந்தச் சொல் எவ்வளவு குட்டியானது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அது கெடக்கட்டும். என் வீட்டுக்காரம்மாவே நம்பிருச்சுங்க. நான் ஓட்டுற வண்டில பொண்ண ஏத்த விடாது. ஸ்கூலுக்கு ஆட்டோ பேசியிருக்கு, அஞ்சு வருஷமா." எழுந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் சொல்லவேணாம். அதுகிட்ட வந்து சொல்லுங்க. போன்ல வேணாங்க, நேர்ல."

அவர் வீடு நான் உருண்ட அந்த வளைவைத் தாண்டி இருக்கிறது. ஐந்து வருடமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் காரை எடுத்தார். தை மாதக் கடைசி, சம்பா அறுப்பு. வளைவில் ரோட்டின் வலது பாதியில் நெல் கிடந்தது, ஓரத்தில் செங்கல் வைத்து. ஆற்றில் தண்ணீர் அவ்வளவாக இல்லை. கணவர் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்து நேராகவே போனார். போதுமான இடம் இருந்தது. ஆனால் மடியில் கிடந்த என் இரண்டு கைகளும் இடது பக்கம் திரும்பியிருந்தன. நான் அவற்றைத் தொடையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். தொடைக்கு அது தெரியவில்லை.

வாசற்படியில் நாற்காலி ஏறாது. அதனால் என் கணவரும் மெக்கானிக்குமாக வெல்டிங் போடும் முற்றத்திலேயே நிறுத்தினார்கள். அவர் மனைவி வெளியே வந்து, யார் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். அவர்களுடைய பெண் ஜன்னலில் நின்று பார்த்தது.

வரும் வழியெல்லாம் தயார் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலைல ஒரு குத்தமும் இல்லங்க. ஸ்டியரிங் இழுக்கவே இல்ல. நெல்லு கெடந்துச்சு, நான்தான் ஒடிச்சேன். அத அவர் தலையில போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தம்மா என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. நெருப்புப் பொறி பட்டுத் தழும்பேறிய தன் புருஷனின் கைகளைத்தான் பார்த்தார். அந்த மனுஷன் அவற்றைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.