வேதாரண்யம் வண்டியில் போன மஞ்சள் பை

குத்தாலம் சிங்காரவேலுவுக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. நெல் எடை போட்டால் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். உர மூட்டை வாங்கினால் தையலைத் தடவிப் பார்ப்பார். யாராவது வழி சொன்னால் இன்னொருவரிடம் கேட்பார், அந்த இன்னொருவரையும் நம்ப மாட்டார். எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான் தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த ஊருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் பஸ் ஏறியதாக ஞாபகமில்லை.

அன்று அவர் மகள் குந்தவைக்குத் திருச்சியில் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. பதினொரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நிற்காவிட்டால் மூன்று வருடம் படித்தது வீண். மகள் தொலைத்துவிடுவாளோ என்று அவற்றை மஞ்சள் பையில் போட்டு, மார்போடு அணைத்தபடி ஏழரை மணிக்கு வந்து இறங்கினார். குந்தவை கழிப்பறைப் பக்கம் போனாள்.

முகூர்த்த நாள், ஏகப்பட்ட கூட்டம். திருச்சி என்று பலகை மாட்டிய வண்டி ஒன்று உள்ளே திரும்பியதும் ஜனங்கள் கூடவே ஓடினார்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்கு. துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று சந்தேகப்பட்ட அண்ணன் பையையே போட்டார்.

"பையில என்னங்க?" என்றார் ஜன்னலோரம் இருந்த அம்மாள்.

"ஒண்ணுமில்ல, பழைய துணி. எடம் புடிக்கத்தான்."

திருட்டுப் பயத்தில் சொன்ன பொய் அது. அவர் மகளை அழைத்துக்கொண்டு வருவதற்குள் வண்டி போய்விட்டது. அது திருச்சியிலிருந்து வந்து வேதாரண்யம் போகிற வண்டி. பலகையில் இரண்டு ஊர்ப் பெயரும் இருந்தன. அண்ணன் வேண்டியதை மட்டும் படித்திருக்கிறார்.

என் அறைக்கு ஓடி வந்தார். "அந்தப் பொம்பள அடிச்சிட்டுப் போயிட்டாடா! கண்டக்டரும் கூட்டு!"

குந்தவை அழவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டக்டரைப் போனில் பிடிப்பதற்குள் வண்டி வடுவூருக்குப் போயிருந்தது. அவர் அந்த அம்மாளிடம் போனைக் கொடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பை எங்கிட்டதான் இருக்கு. போட்டவரு பழைய துணின்னாரு. ஆளு ஏறவே இல்லன்னதும் தொறந்து பாத்தா எல்லாம் சர்டிபிகேட்டு. யாரு வீட்டுப் பொண்ணோடதையோ தூக்கிட்டு வந்த ஆளோ என்னமோ! அவருகிட்ட தர மாட்டேன்."

"நான்தாங்க அப்பா!" என்று அண்ணன் கத்தினார்.

"பொய் சொல்ற ஆள எப்படிங்க நம்புறது? பொண்ணப் பேசச் சொல்லுங்க."

அண்ணன் முகம் செத்துவிட்டது. குந்தவை போனை வாங்கிப் பிறந்த தேதி, பதிவெண் எல்லாம் ஒப்பித்தாள். எதிர் வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்கவில்லை.

"கை மாத்தி விட மாட்டேன். நானே கொண்டாறேன்."

வடுவூரிலேயே இறங்கி, மன்னார்குடியிலிருந்து வந்த வண்டியில் ஏறினார். அந்த முக்கால் மணி நேரமும் அண்ணன், "வர மாட்டா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை நாலு வார்த்தை திட்டலாம் போலிருந்தது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டுப்புடவையோடு வந்து இறங்கினார் மங்களாம்பிகை. அதுதான் அந்த அம்மாளின் பெயர். நுழைவுச் சீட்டிலிருந்த போட்டோவையும் குந்தவையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் பையை அவள் கையில் கொடுத்தார்.

"எங்கயாவது விசேஷத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"திருத்துறைப்பூண்டில தங்கச்சி மவ கல்யாணம். ஒம்பதரைக்கு முகூர்த்தம். தாலி கட்டுறத இனிமே போட்டோலதான் பாக்கணும்."

அண்ணன் மகள் பக்கம் குனிந்து, அந்த அம்மாள் காதில் விழும்படியே சொன்னார்: "எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாரு."

குந்தவை எண்ணவில்லை. மங்களாம்பிகையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கும்பிட்டுவிட்டுத் திருச்சி வண்டியில் ஏறினாள். பின்னாலேயே படியில் கால் வைத்த அப்பாவைத் தடுத்தாள்.

"நீங்க வர வேணாம்ப்பா. கல்யாணத்த விட்டுட்டு வந்தவங்க முன்னாடி எண்ணிப் பாக்கச் சொல்றீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

வண்டி ஒன்பதுக்குக் கிளம்பியது. அண்ணன் வெயிலிலேயே நின்றார். கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பதுக்குக் குந்தவை கூப்பிட்டாள். "சித்தப்பா, உள்ள போயிட்டேன்."

என் போனில்தான் கூப்பிட்டாள்.