கிடாயின் கயிறு

மார்கழி மாதம் எங்கள் நாரணாபுரத்தில் வெயிலுக்கும் இடம் பிடிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கிடந்த பாறைக்களத்தில் காலை வெயில் விழுந்ததும் தெருவில் பாதி அங்கே வந்துவிடும். பெரியப்பா துண்டால் முட்டாக்குப் போட்டுக்கொண்டு குத்தவைத்திருப்பார். கோழிகள் இறக்கையை விரித்துச் சாய்ந்து கிடக்கும். எருமை கண்ணை மூடி அசைபோடும். பெரியப்பா ஒரு நிமிஷம் எழுந்து போனால் போதும், அவர் சூடேற்றி வைத்த இடத்தில் சொறிநாய் வந்து படுத்துக்கொள்ளும். "நாய்க்கு வந்த வாழ்வப் பாத்தீகளா!" என்று திரும்பி வந்து கத்துவார். தினமும் இதே சண்டைதான்.

அங்கே எங்களோடு மாமாவின் காகிதக் குழாய்களும் காயும். மாமா என் அம்மாவின் தம்பி, அடுத்த வீடு. சிவகாசிக் கம்பெனிக்கு வெடிக் குழாய் செய்து கொடுப்பது அவர் தொழில். மருந்து அடைக்காத வெறுங்குழாய்தான். மைதாப் பசை தடவிச் சுருட்டி, ஓலைப்பாயில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி மாட்டுவண்டியில் லோடு அனுப்புவார். பசை ஒட்டிய காகிதம் என்றால் ஆட்டுக்கு அல்வா. ஆகவே காவல் வேண்டும், காவலுக்கு நான். எட்டு வயது, கையில் வேப்பங்குச்சி. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று, வெயில் காய்ந்தபடியே அதிகாரம் செய்தேன். நான் இருந்தவரை ஒரு கோழிகூடப் பாயை மிதித்ததில்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

வெயிலுக்கு வராதவள் மாமாவின் மனைவி, என் அத்தை, ஒருத்திதான். தீபாவளிக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து, களத்தைப் பார்த்துச் சன்னல் வைத்த இருட்டறையில் சுருண்டு கிடந்தாள். பார்க்க வந்த மருத்துவச்சி, "மேலுல வெயில் படணும்த்தா. இப்பிடியே கெடந்தா இவளும் தங்க மாட்டா" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அம்மா கெஞ்சிப் பார்த்தாள். மாமா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. வலிக்காமல் தலைவாரிவிட அவளை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான், களத்தோரம் மாமா கட்டிவைத்திருந்த கிடாய் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள ஆரம்பித்தது. "ஏ பிள்ளே, கடைக்கு ஓடிப்போய் வெல்லம் வாங்கியா" என்று மாமா என்னை அனுப்புவார். திரும்பி வந்தால் கிடாய் பாயின் நடுவே நின்று நிதானமாக மென்றுகொண்டிருக்கும். மாமா விரட்டமாட்டார். சன்னலைப் பார்த்து, "ஐயோ போச்சே! ஆர்டர் அம்புட்டும் போச்சே!" என்று ஒப்பாரி வைப்பார். நான்தான் காதைப் பிடித்து அதை இழுத்து வரவேண்டும். என்ன மனுஷன் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறுநாளும் இதே கூத்து. அதற்கு மறுநாளும்.

ஒருநாள் சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்த ஆட்டப் பத்துங்களேன்." தொண்டை கம்மியிருந்தது. மாமா காதில் விழாதவர்போலத் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துக்கொண்டார். நான் குச்சியோடு பாய்ந்தேன். துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு என் பாவாடையைப் பிடித்தது.

"முள்ளு கெடக்கு, போகாத."

பாறையில் ஏது முள்?

அதற்குள் பின்வாசலில் அத்தை நின்றாள். தலை பரட்டை, கையில் விளக்குமாறு, வெளிச்சத்தில் கண் கூசிச் சுருங்கியிருந்தது. நேரே வந்து கிடாய்க்கு ஒரு சாத்து. அடுத்தது மாமாவுக்கு, வாயால்.

"ஆடு அம்புட்டையும் திங்குது, என்ன உறக்கம் உறங்குறீக! மனுசந்தானா நீங்க?"

மாமா எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். திட்டத் திட்ட அவர் முகம் மலர்வதைப் பார்த்து எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூச்சு வாங்கிய அத்தை பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. பெரியப்பாகூடத் தள்ளி உட்கார்ந்தார். உச்சிவெயில் ஏறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

நான் துப்புத் துலக்கப் போனேன். கயிறு அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்துதான் கிடந்தது. "மாமாவுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியலம்மா!" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீதான் சொல்லிக் குடேன்" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் மாமாவை உட்காரவைத்து, "இங்கன சுத்தணும் மாமா, அங்கன இழுக்கணும்" என்று வகுப்பெடுத்தேன். "இன்னொருக்கக் காட்டு தாயி" என்று அவர் பணிவாகக் கேட்டார். பின்னால் உட்கார்ந்து எனக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த அத்தை களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதன்பிறகு கிடாய் அவிழ்த்துக்கொள்ளவே இல்லை. எல்லாம் என் முடிச்சின் மகிமை என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தேன்.

பொங்கலுக்கு முன் மாமாவின் லோடு கிளம்பியது. மூட்டைகளை வண்டியில் அடுக்கி, காலை ஊன்றி இழுத்து, கயிற்றை அவரே கட்டினார். கல்லும் பள்ளமுமான பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஒரு மூட்டைகூட அசையவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தேன். பரவாயில்லை, நான் சொல்லிக் கொடுத்ததில் மாமா நன்றாகத்தான் தேறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.