ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டவர்

நான் டாக்சியில் ஏறியதும் டிரைவர் முழுதாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கனத்த உடம்பு, நரைத்த மீசை. பிறகுதான் வண்டியை எடுத்தார். மதியக் காட்சி பார்த்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

"என்ன படம் பாஸ்?"

"பேய்ப்படம் அண்ணே, ஆனா ஒரே சிரிப்பு. பணக்கார டூரிஸ்டுங்க ஒரு தீவுல படகுக்காரனைக் கொன்னுட்டு பிளேன் ஏறித் தப்பிச்சிடுறாங்க. செத்தவன் பேயா பின்னாலயே போறான்."

அவர் சிரிக்கவில்லை.

"அப்படி ரெண்டு பேர நான் ஏத்தியிருக்கேன். டெங்கில்ங்கிற ஊர்ல, தாங்களே ஓட்டின வாடகைக் கார்ல ஒருத்தர மோதிட்டு, காரை அங்கயே விட்டுட்டு வந்திருக்காங்க. எனக்குத் தெரியாது லா. ஏர்போர்ட்ல பெட்டியெல்லாம் நானே இறக்கி வச்சேன். மறுநாள் போலீஸ் கூப்பிட்டப்பதான் விஷயமே தெரிஞ்சது. மோதினதுல செத்தவரோட சம்சாரம் ஸ்டேஷன்ல இருந்தாங்க. 'வண்டியில அவங்க அழுதாங்களா'ன்னு என்னைக் கேட்டாங்க. நான் அந்த ரெண்டு பேரு முகத்தையே பாக்கல பாஸ்."

அன்றிலிருந்து, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிடுகிறாராம்.

"அந்த ரெண்டு பேரு?"

"திரும்பி வரவே இல்ல."

என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர் கேட்டார். "படத்துல, அவங்கள ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டவனுக்கு என்ன ஆகுது?"

"அப்படி ஒருத்தரைக் காட்டவே இல்லண்ணே."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"காட்டியிருக்கணும்," என்றார்.

பேய் அவனையும் பிடித்திருக்க வேண்டும் என்றாரா, அவன் ஒன்றும் அறியாதவன் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்றாரா, எனக்கு இன்னும் புரியவில்லை.