மொல்டோனுக்கும் ஒரு செபம்

நேற்றுத்தான் இந்த வருடக் குளிருக்கு முதன்முதலாக வீட்டுச் சூடாக்கியைப் போட்டோம். கோடை முழுக்கப் படிந்த தூசி கருகி ஒரு மணம் வந்தது பாருங்கள், வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ மொல்டோன் நினைவுக்கு வந்துவிட்டான்.

மொல்டோன் சொந்தக்காரன் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் நானும் தம்பியும் இருந்தபோது, தம்பியின் வீடியோ கேம் பெட்டிக்குள் இருந்த வில்லன். தம்பிக்கு டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் வேலை. மத்தியானம் எழும்பினால் தேத்தண்ணியோடு டிவிக்கு முன்னால் இருந்துவிடுவான். பெட்டி சூடேறி இதே மணம் வரும். நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்வேன்.

மொல்டோனுக்கு இரண்டு கொம்பு, பெரிய கோட்டை. அவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு குசினி இல்லை. நான் தேடிப் பார்த்தேன். ஆள் வந்தால் சண்டை, வராவிட்டால் கதிரையில் இருப்பது, அதுதான் அவன் சீவியம். கடைசியில் முழங்காலில் விழுந்து ஒரு பெருமூச்சு விடுவான். உடனே வாத்தியம் முழங்கும்.

"செத்த வீட்டில பாட்டுப் போடுறதே, தம்பி?"

"அக்கா, அவன் கூடாதவன். ஊரையே எரிச்சவன்."

"எரிச்சவன்தான். எண்டாலும் கண்ணை மூடிவிட ஒருத்தரும் இல்லையே."

தம்பி தலையில் அடித்துக்கொள்வான். அடுத்த நாள் திரும்ப எழுப்பி, திரும்பக் கொல்வான்.

ஒக்டோபரில் எங்கள் ஆட்களின் செபமாலை, மாதா சுரூபத்தோடு வீடு வீடாகப் போகும். மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, லவாலில் இருந்து ஞானம்மா அக்கா மகள் ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கிறோம் என்று சொல்லாமலே பார்த்துவிடும் ஏற்பாடு. தம்பிக்கு வயது போய்க்கொண்டிருந்தது. முன்னர் வந்த பேச்செல்லாம் குழம்பிப்போனவை. இதாவது சரிவர வேண்டுமென்று நான் நேர்த்தி வைத்திருந்தேன்.

செபமாலை முடிய, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பேரை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். நான் நாலுபேரைக் கண்டால் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிக்கிற ஆள். என் முறை வந்தது. வேறு இடமில்லாமல் மாதாவை டிவிக்கு மேல் வைத்திருந்தோம். கீழே பெட்டி ஆறவில்லை, மணம் அடித்தது. அப்பா பேரைச் சொன்னேன், அம்மா பேரைச் சொன்னேன், பிறகு வாய் தானாகச் சொல்லிற்று: "மொல்டோன்ர ஆத்துமத்துக்காகவும்."

எல்லோரும் உருக்கமாக 'அருள் நிறைந்த மரியே' சொன்னார்கள். தம்பிக்குத்தான் இருமல் வந்தது.

அடுத்த நாள் காலை கதவு தட்டிக் கேட்டது. ஞானம்மா அக்கா, கீழ் வீட்டுப் பெண்கள், பின்னால் ஜெனிற்றா. எல்லோர் கையிலும் சட்டி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதல்லவா!

"சொல்லவே இல்லையே, பிள்ளை! ஆர் அந்த மொல்டோன்? குடும்பக்காரரோ?"

"தனிய இருந்தவர்," என்றேன்.

"என்ன வருத்தம் வந்து செத்தவர்?"

"வெட்டு."

"ஐயோ மாதாவே! அப்ப இப்ப கலியாணக்கதை வேண்டாம். முப்பத்தொண்டாம் நாள் முடிய திருவருகைக் காலம் வந்திடும், பேந்து தவக்காலம், அதுகளில கலியாணம் வைக்கேலாது. வாற வருசம் பாப்பம்."

வாற வருடம் என்றால் இதுவும் போனதுதான். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, இடுப்பில் சாரத்தோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு தம்பி வந்தான்.

"மொல்டோனோ? நேற்று நான்தான் வெட்டினனான்."

பெண்கள் எல்லோரும் ஒரு படி கீழே இறங்கினார்கள்.

ஜெனிற்றாவின் கையில் பருப்புச் சட்டி குலுங்கியது. அந்தப் பிள்ளை சிரிக்கிறாள்! "அம்மா, அது கேம்! நானும் அவனை எத்தினை தரம் சாக்காட்டியிருப்பன்." தம்பியைப் பார்த்து, "வாளாலயோ? அம்பு லேசு," என்றாள்.

ஞானம்மா அக்கா வாசலிலேயே இருந்துவிட்டார். "சமைச்சுக்கொண்டு வந்தாச்சு. சாப்பாட்டுக் கோப்பையை எடு, பிள்ளை," என்றார்.

கலியாணம் தவக்காலத்துக்கு முன்னரே நடந்தது. அந்தப் பெட்டி பழுதாகி எங்கோ போயிற்று. இப்போதைய டிவிக்கு மேல் மாதாவை வைக்கவும் முடியாது, அவ்வளவு மெலிவு.

போன மாரியில் ஞானம்மா அக்கா மோசம் போனார். செத்த வீட்டுக்குக் கடைச் சாப்பாடு ஈயத்தாள் தட்டுகளில் வந்தது. கொண்டுவந்த பெடியன் வாசலில் வைத்துவிட்டுப் போனான். தொலைபேசி நிறையக் கைகூப்பும் படங்கள். குறை சொல்லவில்லை, அவரவர்க்கு வேலை. ஆனால், கொம்பு முளைத்த ஒருவனுக்காகச் சுடுசட்டியோடு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நின்ற மனுசி அவர்.